கொடுமை: வளைந்தது எது, வளைத்தது யார்?



கொடுமை என்ற சொல் நம் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்து போகிறது? பீலியில் தண்ணீர் நின்றால் கொடுமை. கோதுமை மா விலை ஏறினால் கொடுமை. டவுனுக்குப் போகிற பஸ் வராவிட்டால் அதுவும் கொடுமை. 2005இல் 'சந்திரமுகி' படம் வந்தது. அதில் பிரபு பேசிய ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நம் இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைப் பகிடிக்குச் சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கு மட்ச் தோற்றாலும் கொடுமைதான், போனில் டேட்டா முடிந்தாலும் கொடுமைதான்.

பகிடி பண்ணட்டும், அதில் நமக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து கிளைக் காரியாலயத்துக்கு வருகிற முறைப்பாட்டுக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகின்றன: 'எங்கள் தோட்டத்தில் கொடுமை நடக்கிறது, சங்கம் கவனிக்க வேண்டும்.' அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசப்போனால் வருகிற பதில் நமக்கு மனப்பாடம். 'கொடுமையா? இங்கே யாரை யார் அடித்தது? யாருக்கு இரத்தம் வந்தது?' அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கள் பிரதிநிதியும் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.

இரத்தம் வந்ததா என்ற இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சொற்களைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழில். அந்தப் பழக்கம் சங்க வேலைக்கும் சில சமயம் உதவுகிறது.

துரைமாரின் இங்கிலீசில் கொடுமைக்குச் சொல்லும் சொல் 'குரூவல்'. அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலச் சொல்லுக்குப் பொருள் பச்சை இறைச்சி, ஆறாத புண், இரத்தம் வடிகிற சதை. சிங்களத்தில் 'குரூர' என்கிறார்கள். அது சமஸ்கிருதச் சொல். நாமும் அதையே எடுத்து 'குரூரம்' என்று எழுதுகிறோம். அதன் பழைய பொருளும் பச்சை இரத்தம், புண் என்பதுதான். இந்த இரண்டு சொற்களும் ஆதியில் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே, இரத்தத்தைக் காட்டு என்று கேட்கிறவர் தான் பேசுகிற பாஷையின் வேரிலேயே நின்றுகொண்டுதான் கேட்கிறார். அவருக்கே அது தெரியாது, அது வேறு விஷயம்.

நம் சொல்லின் வேர் வேறு. கொடுமை என்பது 'கொடு' என்ற வேரிலிருந்து வந்தது. ஏழாம் வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் ஒரு பிள்ளை எழும்பி, 'கொடு என்றால் தருவதுதானே சேர்?' என்று கேட்கும். நல்ல கேள்வி. தருவதைச் சொல்லும் கொடு வேறு, இந்தக் கொடு வேறு. ஒலிதான் ஒன்று. இந்தக் கொடுவுக்கு வளைவு, கோணல் என்று பொருள். வளைந்த கத்திக்குக் கொடுவாள் என்று பெயர். வளைந்த மரமாகிய வில்லைப் பழைய புலவர்கள் கொடுமரம் என்றார்கள். கோடுதல் என்றால் வளைதல், நேரிலிருந்து விலகுதல். இந்தக் கொடுவுக்கு எதிராக நிற்பது 'செம்மை'. இங்கே செம்மை என்றால் சிவப்பு நிறம் இல்லை, நேர்மை.

ஆக, தமிழில் கொடுமை என்றால் முதற்பொருள் நேராக இருக்க வேண்டியது கோணிப்போனது என்பது. அதற்கு இரத்தம் தேவையில்லை. நேராக ஒன்று இருந்திருக்க வேண்டும், அதை ஒருவர் வளைத்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அங்கே கொடுமை நடந்திருக்கிறது.

கொடுந்தமிழ் என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற நம் பிள்ளைகள் வாய் திறந்தால் 'தோட்டத்துப் பேச்சு' என்று சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய இலக்கணக்காரர்கள் புலவர் வழக்குக்கு நேராக வராத, ஊருக்கு ஊர் மாறுகிற பேச்சைக் கொடுந்தமிழ் என்றார்கள். கொடுமையான தமிழ் என்று அதற்குப் பொருள் கிடையாது. மலையில் பாதை வளைகிற மாதிரி, அந்தந்த ஊருக்கு ஏற்ப வளைந்த தமிழ். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அந்தக் கொடுந்தமிழுக்கென்றே ஓர் இலக்கணம் எழுதினார். இலக்கணம் எழுதத் தகுந்த தமிழ் அது. பெரட்டு, பேர், கொந்தரப்பு, மடுவம் என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

வளைவதெல்லாம் கொடுமையா என்ற கேள்விக்கு வள்ளுவர் ஒரு குறளில் பதில் வைத்திருக்கிறார். அம்பு பார்வைக்கு நேரானது, அதன் வேலை கொலை. யாழின் தண்டு வளைந்தது, அதன் வேலை இசை. ஆகவே ஆளையும் அவர் செய்கிற காரியத்தை வைத்து எடைபோடு என்கிறார். வெள்ளைச் சட்டை, நேரான வகிடு, நல்ல இங்கிலீசு எல்லாவற்றோடும் காரியாலயத்தில் உட்கார்ந்திருக்கிறவரை நாம் இந்தக் குறளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வளைவு பொல்லாததாவது எப்போது? அளக்கிற பொருள் வளையும்போது. கோல் என்ற சொல்லைப் பாருங்கள். நீளம் அளப்பது அளவுகோல். நிறுப்பது துலாக்கோல். எழுதுவது எழுதுகோல். ஆள்வது செங்கோல். எல்லாம் கோல்தான். திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்த 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. நேரான கோலும் வளைந்த கோலும் பக்கத்தில் பக்கத்தில். கோல் பிடித்த அரசன் குடிகளிடம் பறிப்பதை, வேல் பிடித்த வழிப்பறிக்காரன் பறிப்பதற்குச் சமம் என்று அங்கே வள்ளுவர் சொல்கிறார். அரசன் முறை கோணினால் மழையும் கோணிப் பெய்யாமல் போகும் என்றும் அதே அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது.

மழைக்கும் கொடுமைக்கும் நம் ஊர் வழக்கத்திலும் தொடர்பு உண்டு. சம்பளப் போராட்டத்தில் நாம் கொடும்பாவி எரிக்கிறோம். அது சங்கங்கள் கண்டுபிடித்த காரியம் இல்லை. நம் பாட்டன் பூட்டன் விட்டு வந்த ஊர்களில் மழை பொய்த்தால் களிமண்ணிலோ வைக்கோலிலோ உருவம் செய்து, அதற்குக் கொடும்பாவி என்று பேர் வைத்து, ஒப்பாரி சொல்லித் தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். வானம் வற்றியதற்குக் கீழே எங்கேயோ யாரோ கோணல் செய்திருக்கிறார்கள் என்பது அந்தச் சனங்களின் கணக்கு. எல்லாம் தலைவிதி என்று அவர்கள் சும்மா உட்காரவில்லை.

சிலப்பதிகாரக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் நாம் அதைக் கோபக்காரப் பெண்ணின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். சங்கத்தில் இருக்கிறவர்கள் அதை ஒரு முறைப்பாட்டின் கதையாகப் படிக்க வேண்டும். கோவலன் திருடன் என்று பொற்கொல்லன் சொன்னான். பாண்டியன் விசாரிக்கவில்லை, கொல்லச் சொல்லிவிட்டான். கண்ணகி அரண்மனைக்குப் போனபோது வெறும் அழுகையோடு போகவில்லை. மிச்சமிருந்த சிலம்பு கையில் இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. தன் கோல் வளைந்துவிட்டதை அரசன் அங்கேயே உணர்ந்து உயிர் விட்டான். அவன் விட்ட உயிர் அந்தக் கோலை மறுபடியும் நிமிர்த்தியது என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். வளைந்தது நிமிரும் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதே கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று சிங்கள மக்களும் கும்பிடுகிறார்கள். கண்டியில் பத்தினி தேவாலயம் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு அவர்களுக்கும் அந்நியமானது இல்லை.

காமத்துப்பாலிலும் இந்தச் சொல் வருகிறது. பிரிந்துபோன தலைவன் செய்த கொடுமையைத் தலைவி வாய் திறந்து சொல்ல மாட்டாள். வளையல் கழன்று அழகு வாடிய தோளே அதைச் சொல்லிவிடும் என்கிறது ஒரு குறள். அங்கே அவன் அவளை அடிக்கவில்லை. சொன்ன சொல்லிலிருந்து கோணினான், அவ்வளவுதான். இருபது, முப்பது வருஷம் கூடை சுமந்த நம் அம்மாமாரின் தோளும் முதுகும் எதைச் சொல்கின்றன என்று அந்தக் குறளைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறோம்.

இனி நம் சொந்தச் சரித்திரத்துக்கு வருவோம். அதில் இரத்தம் வந்த கொடுமையும் உண்டு, வராத கொடுமையும் உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இந்தப் பெயர்களை நாம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறோம், சொல்ல வேண்டும். முல்லோயாவுக்கு ஆணைக்குழு வைத்து விசாரித்தார்கள். இரத்தம் இருந்ததால் அதைக் கொடுமை என்று எதிர்த்தரப்புக்கும் காட்ட முடிந்தது.

இரத்தம் வராததைத்தான் நாம் சொல்லத் தடுமாறுகிறோம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தை எடுங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. வேலையை விடுவது ஒரு மனிதனின் சொந்தக் காரியம், இங்கே அது குற்றம். பிறகு துண்டு முறை. ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற காகிதத் துண்டு அது. புதுத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் மட்டும் ஆட்களோடு கூடவே நடந்து போகும். தோட்டம் மாறும்போது கடன் குறையாது, ஏறும். இந்தத் துண்டை 1921இல் ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் கோ. நடேசய்யர் தன் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பேர் சொல்லி எழுதினார். அவரும் மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாகப் போனது வெறும் அனுதாபம் சொல்ல இல்லை. எந்தச் சட்டம், எந்தக் காகிதம், யார் கையெழுத்து என்று அவர்கள் விளக்கினார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஒரு துளி இரத்தம் கிடையாது. பாராளுமன்றத்தில் கை தூக்கினார்கள், ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 என்று பிரித்தார்கள். சந்தையில் மரக்கறி பிரிப்பது போலத்தான். நம்மை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு நம் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோது, 1948இல் பிரஜாவுரிமை இழந்த பெரியவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலும் செத்ததற்குத் தமிழில் என்ன பேர்? அளவுகோல் வளைந்தது. கொடுமை.

இன்னொரு சொல்லையும் இங்கே தொட வேண்டியிருக்கிறது. நம்மைப் பற்றிப் பேசுகிற அறிக்கைகளில் எல்லாம் 'பின்தங்கிய சமூகம்' என்று எழுதுகிறார்கள். கருத்தரங்குகளில் நம் ஆட்களே மேடையேறி அப்படிச் சொல்கிறார்கள். தங்கினோமாம், அதுவும் பின்னால் தங்கினோமாம்! நடக்கச் சோம்பேறித்தனப்பட்டு வழியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி. இந்தச் சொல்லில் தங்கியவர் மட்டும் தெரிகிறார், தங்கவைத்தவர் தெரியவில்லை. கொடுமை என்ற சொல் இதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அதைச் சொன்னதும் செய்தது யார் என்ற கேள்வி தானாக வருகிறது. நமக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் அது. அதைத் 'தலையெழுத்து' என்ற சொல்லின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து மழுங்கடிப்பதில்தான் எங்களுக்குச் சம்மதமில்லை. 'என்ன கொடுமை, எல்லாம் நம்ம தலையெழுத்து' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டும் சேராது. தலையெழுத்தை நிமிர்த்த யாரும் முறைப்பாடு எழுத மாட்டார்கள்.

இன்றைய காரியத்துக்கு வருவோம். கொழுந்து எடுக்கிற தோழியருக்கு நேர் எது, கோணல் எது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மட்டக்கம்பைத் தேயிலைச் செடியின்மேல் வைத்து மட்டம் பார்த்துத்தான் கொழுந்து கிள்ளுகிறார்கள். மட்டம் தப்பினால் கங்காணி சத்தம் போடுவார். சரி. மலையில் இவ்வளவு நேர் பார்க்கிறவர்கள், நிறுக்கிற இடத்தில் கோல் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்ல உரிமை உள்ளவர்கள்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். முழுப்பேருக்கு 18 கிலோ என்று ஒரு தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு தோழி காலை, பகல், அந்தி மூன்று நிறுவையிலும் சேர்த்து 20 கிலோ எடுத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஒரு கிலோ கழிக்கிறார்கள். 17 கிலோ ஆயிற்று. 18 வரவில்லை, ஆகவே அரைப்பேர். 2024 செப்டம்பர் வர்த்தமானி நாள் சம்பளத்தை 1350 ரூபாய் என்று வைத்தது. அதில் பாதி 675 ரூபாய். மூன்று கிலோக் கழிவு 675 ரூபாயைத் தின்றுவிட்டது. காலையில் பெரட்டுக்கு வந்து, அந்திவரை மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஒரு முழு மனுஷிக்குச் செக்ரோலில் அரைப் பேர். பேரையே பாதியாக வெட்டுகிற இந்தப் பழக்கத்துக்கு எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் ஒரு சொல் தேடிப் பாருங்கள்.

ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்காதா என்று நிர்வாகம் கேட்கும். இருக்கும். மழை நாளில் நியாயமான கழிவு இருக்கலாம், அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் மழை நாளில் கழித்த அதே ஒரு கிலோவை வெயில் நாளிலும் கழித்தால் அது தண்ணீருக்கான கழிவு இல்லை. வெறும் சாக்கைத் தராசில் வைத்து எல்லார் கண்முன்னும் நிறுத்துக் காட்டினால் சாக்கின் கழிவு எவ்வளவு என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைக் காட்ட மறுக்கிற இடத்தில்தான் கோல் வளைந்திருக்கிறது. தராசும் அப்படித்தான். வியாபாரத்துக்கும் கூலிக்கும் நிறுக்கிற தராசில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. முத்திரை எங்கே என்று கேட்பது துரையை எதிர்த்துப் பேசுவது ஆகாது.

2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது என்ன நடந்தது என்பதும் மறந்திருக்காது. பல தோட்டங்களில் சம்பளத்தைக் கூட்டிய கை அப்படியே கிலோவையும் கூட்டியது. ஒரு பக்கம் நிமிர்த்தி மறு பக்கம் வளைத்தார்கள். அந்தச் சமயத்தில் 'கொடுமை' என்று மொட்டையாக எழுதி வந்த கடிதங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. இன்ன திகதிவரை முழுப்பேருக்கு இத்தனை கிலோ, இன்ன திகதியிலிருந்து இத்தனை கிலோ, அறிவித்தது இன்னார் என்று எழுதியவர்களின் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் தொழில் திணைக்களத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது.

சங்கத்துக்குள்ளேயே சில தோழர்கள், கடிதங்களில் கொடுமை, அநியாயம் என்றெல்லாம் எழுதாதீர்கள், சட்டப் பாஷையில் மட்டும் எழுதுங்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். திகதியும் கிலோவும் இல்லாமல் சொல் மட்டும் நின்றால் அது காற்றில் போய்விடும். ஆனால் கிலோவை மட்டும் எழுதிச் சொல்லை விட்டுவிட்டால் அது கணக்குப் பிழையாகிவிடுகிறது. கணக்குப் பிழை என்றால் கிளார்க் திருத்திவிட்டு, அடுத்த மாதம் திரும்பவும் அதே பிழையைப் போடலாம். அதனால் இரண்டையும் எழுதச் சொல்கிறோம்.

இவ்வளவும் துரையின் கோலைப் பற்றி. லயத்துக்குள்ளேயும் கோல் இருக்கிறது. மனைவி எடுத்த கொழுந்துக்கு வந்த சம்பளத்தைப் புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்கி, வழியிலேயே பாதியைக் குடித்துத் தீர்த்தால் அதற்கும் இதே சொல்தான். அடிக்கவில்லையே என்ற பதில் அங்கேயும் செல்லாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடம்பில் காயம் இல்லாமல் மனத்தைத் தொடர்ந்து வதைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்த 308அ பிரிவு, பிள்ளையை அடித்து வதைப்பதோடு, கவனிக்காமல் கைவிடுவதையும் கொடுமை என்றே குற்றமாக்குகிறது. வகுப்பறையில் பிரம்பும் ஒரு கோல்தான். கல்வி அமைச்சு அதைச் சுற்றறிக்கை போட்டுத் தடுத்த பிறகும் தூக்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு 'நல்லா அடிங்க சேர்' என்று சொல்லி அனுப்புகிற தாய் தகப்பனும் இருக்கிறார்கள்.

சங்கத்தின் கையிலும் கோல் இருக்கிறது. சந்தா கட்டுகிறவரின் முறைப்பாட்டை, அவர் எந்தத் தலைவருக்கு வேண்டியவர் என்று பார்த்துவிட்டு எடுக்கிற பழக்கம் எந்தக் கிளையில் இருந்தாலும் அதையும் எழுதி அனுப்புங்கள். இந்தப் பத்திரிகைக்கே அனுப்புங்கள்.

இனி முறைப்பாடு எழுதும்போது கொடுமை என்ற சொல்லைப் போட்டு, அதன் கீழேயே நேர் எது என்று எழுதுங்கள். வர்த்தமானியா, கூட்டு ஒப்பந்தமா, போன மாதம்வரை இருந்த கிலோவா, தராசில் இருக்க வேண்டிய முத்திரையா? பிறகு, அது எந்தத் திகதியில், எந்த மலையில், எந்த நிறுவையில் கோணியது என்று எழுதுங்கள். கணக்கப்பிள்ளையா, சின்ன துரையா, கம்பனிக் கடிதமா, யார் சொல்லிக் கோணியது என்றும் எழுதுங்கள். உங்களிடம் இருக்கிற சிலம்பு எது என்று கடைசியில் எழுதுங்கள். கொழுந்து நிறுத்துத் தருகிற சீட்டாக இருக்கலாம், சம்பளத் துண்டாக இருக்கலாம், பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேரின் பெயராக இருக்கலாம். எழுத வராத பெரியவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புக்கு மேலே படிக்கிற எந்தப் பிள்ளையும் இதை எழுதிவிடும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வருகிற தலைவர், தலைவிமார் தங்கள் தோட்டத்தில் ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ கழித்தார்கள், அன்றைக்கு மழையா வெயிலா என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள். வரும்போது ஒரு வெறும் கொழுந்துச் சாக்கையும் கொண்டு வாருங்கள். தராசு நாங்கள் வைத்திருப்போம்.